படிக்கப் போன இடத்தில் ஊர் சுத்தலாமா? - மேரி க்யூரியின் பாரீஸ் வசந்தம்!

ஏப்ரல் மாசம் வந்துட்டா போதும், உங்க இன்ஸ்டா ஃபீடே மாறிடும், கவனிச்சிருக்கீங்களா? ஜெர்மனிக்கோ, பிரான்ஸுக்கோ படிக்கப் போன ஃப்ரெண்டு ஒருத்தர், பூத்துக் குலுங்கும் மரத்தடியில் நின்று சிரித்துக்கொண்டிருப்பார். ஆறு மாசமாகக் குளிரிலும் இருட்டிலும் ஜாக்கெட்டுக்குள் ஒடுங்கிக் கிடந்த பிள்ளை, வெயில் எட்டிப் பார்த்ததும் சனிக்கிழமை ரயிலேறி பக்கத்து ஊரைப் பார்த்துவிட்டு வந்திருக்கும். அந்த போட்டோவுக்குக் கீழே சொந்தக்காரர் யாராவது ஒரு கேள்வி போட்டிருப்பார்... படிக்கப் போனியா, ஊர் சுத்தப் போனியா என்று.

விளையாட்டுக்குக் கேட்பதுதான். ஆனால் கேள்வி வாங்கியவருக்குச் சுருக்கென்று குத்தும். பேங்க் லோன், வீட்டில் அடகு வைத்த நகை, அடுத்த மாசப் பரீட்சை எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வரும். நாம சந்தோஷமா இருக்கிறதே தப்போ என்று தோன்றும்.

நீங்கள் அப்படி வெளிநாட்டில் இருப்பவரோ, வேறு ஊர் ஹாஸ்டலில் இருப்பவரோ, இல்லை இனிமேல் கிளம்பப்போகிறவரோ... உங்களுக்காக ஒருவரின் கதை. அவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். ரேடியம், இரண்டு நோபல் பரிசு என்று ஸ்கூல் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். குளிரில் நடுங்கி, பட்டினி கிடந்து படித்தவர் என்று மோட்டிவேஷன் வீடியோக்களிலும் பார்த்திருப்பீர்கள். ஆமாம், மேரி க்யூரிதான். பட்டினி நிஜம், குளிரும் நிஜம். ஆனால், அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அவருடைய ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுவிடுகிறார்கள்.

அக்காவுக்கும் தங்கைக்கும் ஓர் ஒப்பந்தம்

1867 நவம்பர் 7-ம் தேதி வார்சா நகரில் பிறந்தார் மரியா ஸ்க்ளோடோவ்ஸ்கா. ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்போது உலக வரைபடத்தில் போலந்து என்று ஒரு நாடே கிடையாது. வார்சாவை ரஷ்யப் பேரரசு ஆண்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தங்கள் தாய்மொழியில் பாடம் படிக்க முடியாது. அப்பா கணக்கும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்த ஆசிரியர். மூத்த அக்கா ஸோஃபியாவை டைஃபஸ் காய்ச்சல் கொண்டுபோனது. மரியாவுக்குப் பத்து வயசாக இருந்தபோது, 1878-ல் காசநோயில் அம்மாவும் போய்விட்டார்.

15 வயசில் தங்கப்பதக்கத்தோடு பள்ளிப் படிப்பை முடித்தார் மரியா. அடுத்து என்ன செய்தார் தெரியுமா? ஒரு வருஷம் எதுவுமே செய்யவில்லை! அப்பா அவரைக் கிராமத்துச் சொந்தக்காரர்கள் வீடுகளுக்கு அனுப்பிவைத்தார். காட்டில் பழம் பறிப்பது, பனியில் சறுக்குவண்டி ஓட்டுவது, விடிய விடிய நடனமாடிச் செருப்பைத் தேய்ப்பது என்று அந்த வருஷம் ஓடியது. பின்னாளில் உலகமே கருகருவென்ற கவுனில் இறுக்கமான முகத்தோடு பார்த்த மேரி க்யூரி, ஒருகாலத்தில் இப்படி ஒரு வாலு.

விளையாட்டு அத்தோடு முடிந்தது. வார்சா பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு இடமில்லை. அக்கா ப்ரோன்யாவுக்கு டாக்டராகணும். மரியாவுக்கு மேல்படிப்பு படிக்கணும். இரண்டுக்கும் பாரீஸ் போகணும், வீட்டிலோ ஒருத்தியை அனுப்பக்கூடப் பணமில்லை. அக்காவும் தங்கையும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். முதலில் அக்கா போவது, தங்கை வேலை பார்த்துப் பணம் அனுப்புவது. அக்கா படித்து முடித்ததும் தங்கையைக் கூப்பிட்டுக்கொள்வது. இதுதான் டீல்.

1886 ஜனவரியில், 18 வயசில், வார்சாவுக்கு வடக்கே உள்ள ஒரு கிராமத்துக்குக் கிளம்பினார் மரியா. ஒரு வசதியான குடும்பத்தில் வீட்டோடு தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலை. வருஷத்துக்கு 500 ரூபிள் சம்பளம். அதிலிருந்து மிச்சம் பிடித்து அக்காவுக்கு அனுப்பினார். நேரம் கிடைத்தபோது ஊர்ப் பிள்ளைகளுக்குத் திருட்டுத்தனமாகப் போலிஷ் எழுத்தும் கற்றுக்கொடுத்தார். அரசாங்கத்துக்குத் தெரிந்தால் ஆபத்தான வேலை அது.

அந்த வீட்டு மூத்த மகனுக்கும் மரியாவுக்கும் காதல் வந்தது. சம்பளத்துக்கு வந்த ஏழைப் பெண்ணை மருமகளாக்க மாட்டோம் என்று பெற்றோர் மறுத்துவிட்டார்கள். மகனும் எதிர்த்து நிற்கவில்லை. கோபித்துக்கொண்டு பெட்டியைக் கட்டியிருக்கலாம்தான். ஆனால், அக்காவுக்கு மாசாமாசம் பணம் போகணுமே! அதனால் அவமானத்தை விழுங்கிக்கொண்டு, அதே வீட்டில், அதே பிள்ளைகளுக்குத் தொடர்ந்து பாடம் நடத்தினார். மொத்தம் மூன்று வருஷத்துக்கும் மேல் அந்த வேலை.

1890-ல் அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. எனக்குக் கல்யாணம் ஆகப்போகிறது, அடுத்த வருஷம் நீ வந்து எங்களோடு தங்கிப் படி என்று. காத்திருந்த கடிதம்தான். ஆனாலும் மரியா உடனே கிளம்பவில்லை. வயசான அப்பாவை விட்டுப் போவது எப்படி என்று தயங்கினார். வார்சாவில் உறவினர் ஒருவரின் பொறுப்பில் இருந்த சிறிய ஆய்வுக்கூடத்தில், மாலையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் மட்டும் நுழைந்து தன்னந்தனியாகச் சோதனைகள் செய்து பார்த்தார். ஆசை முற்றியது. 1891 இலையுதிர்காலத்தில் பழைய காதலரைக் கடைசியாக ஒருமுறை சந்தித்தார். அவரிடம் இன்னமும் ஒரு முடிவும் இல்லை. மரியா முடிவெடுத்துவிட்டார்.

மாடி பஸ்ஸில் பாரீஸ்

1891 நவம்பர். மடக்கு நாற்காலி, போர்வை, வழிக்குச் சாப்பாடு எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு ரயிலேறினார். ஜெர்மனியைக் கடக்கும்போது இருப்பதிலேயே மலிவான வகுப்பு. அதில் உட்கார இருக்கைகூட ஒழுங்காக இருக்காது, நாமே கொண்டுபோனால்தான் உண்டு. அப்படிச் சுமார் 1,600 கிலோமீட்டர் கடந்து பாரீஸில் இறங்கியபோது அவருக்கு வயசு 24. சோர்போன் பல்கலைக்கழகப் பதிவேட்டில் மரியா என்ற பெயரை பிரெஞ்சு வழக்கப்படி மேரி என்று எழுதினார்.

முதல் சில மாசம் அக்கா வீட்டில் தங்கினார். வீடு நகரத்தின் ஒரு கோடியில், பல்கலைக்கழகம் இன்னொரு பக்கம். குதிரைகள் இழுக்கும் இரண்டடுக்கு பஸ்ஸில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். மேல்தளத்தில் கூரை கிடையாது, மழையும் காற்றும் நேராக முகத்தில் அடிக்கும். ஆனால் டிக்கெட் மலிவு. மேரி மேலேதான் ஏறுவார். காசுக்காக மட்டுமில்லை, அங்கிருந்து பார்த்தால் பாரீஸ் முழுசாகத் தெரியுமே! ஆற்றுப் பாலங்கள், கடைத்தெரு, புத்தகக் கடைகள், யாரும் யாருக்கும் பயப்படாமல் தங்கள் மொழியில் சத்தமாகப் பேசிக்கொண்டு போகும் மக்கள். சொந்த ஊரில் தாய்மொழியில் பாடம் படிக்கவே வழியில்லாத ஒரு பெண்ணுக்கு, அந்தக் கடைசிக் காட்சி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அக்கா கணவர் காஸிமியர்ஸ் துலுஸ்கியும் டாக்டர். செம ஜாலியான மனிதர். இரவானால் வீட்டில் பியானோ, டீ, அரட்டை என்று போலந்துக்காரர்கள் கூட்டம் கூடிவிடும். அதில் ஒருவர் பெயர் பதெரெவ்ஸ்கி. அப்போதுதான் பேர் வாங்கத் தொடங்கியிருந்த பியானோ கலைஞர். பின்னாளில், 1919-ல், விடுதலை பெற்ற போலந்தின் பிரதமரானார். அவருடைய கச்சேரிக்கு மச்சினியையும் இழுத்துக்கொண்டு போனார் துலுஸ்கி.

ஒருமுறை நண்பர்கள் நடத்திய விழாவில், போலந்து நாடே பெண் வடிவில் வந்து நிற்பதுபோல் வேடம் போட்டு மேடையேறினார் மேரி. கைத்தட்டல் பிய்த்துக்கொண்டு போனது. சந்தோஷத்தில் அப்பாவுக்கும் எழுதிவிட்டார். அப்பாவிடமிருந்து வந்த பதிலில் பாராட்டு இல்லை, பயம்தான் இருந்தது. பாரீஸில் நடப்பதையும் ரஷ்ய அரசின் ஆட்கள் கவனித்துக்கொண்டிருப்பார்கள், பெயர் அடிபட்டால் பிறகு வார்சாவில் வேலை கிடைக்காது, இப்படிப்பட்ட இடங்களில் தலை காட்டாதே என்று எச்சரித்தார். ஒரு போஸ்ட் போடும் முன்பு விசாவை நினைத்துப் பயப்படும் இன்றைய மாணவர்களுக்கு அந்த அப்பாவின் கவலை நன்றாகவே புரியும்.

ஆறு மாடி ஏறி ஓர் அறை

கூட்டமும் பாட்டும் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் படிப்பு ஓடவில்லை. பஸ் நேரமும் காசும் வேறு. 1892 மார்ச்சில் பல்கலைக்கழகத்துக்கு நடந்தே போகும் தூரத்தில் தனியாக அறை எடுத்தார் மேரி. அந்தக் காலத்துக் கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது. மேலே போகப் போக வாடகை குறையும். கூரையை ஒட்டிய அறைதான் இருப்பதிலேயே மலிவு. அவருக்குக் கிடைத்ததும் அதுதான்.

வாடகை, சாப்பாடு, புத்தகம், துணி, கட்டணம் எல்லாம் சேர்த்து மாசத்துக்கு 100 பிராங்க். அதாவது ஒரு நாளைக்கு மூன்று பிராங்குக்குக் கொஞ்சம் மேல். நிலக்கரியைத் தானே ஆறு மாடி சுமந்து ஏறுவார். சாயங்காலம் பக்கத்து நூலகத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். அங்கே விளக்கும் உண்டு, கதகதப்பும் உண்டு, இரண்டும் இலவசம். இரவு பத்து மணிக்கு அதை மூடியதும் அறைக்கு வந்து படிப்பைத் தொடர்வார். குளிர்காலத்தில் ராத்திரி வைத்த தண்ணீர் காலையில் பாத்திரத்திலேயே உறைந்து கிடக்கும். இருக்கிற துணி எல்லாவற்றையும் போர்வைமேல் குவித்துக்கொண்டு தூங்குவார்.

சாப்பாடு? ரொட்டியும் டீயும். சில நாள் முட்டை, சில நாள் பழம். சமைக்கும் நேரத்தில் ஒரு பாடம் படிக்கலாமே என்ற நினைப்பு. ஒருநாள் தோழியின் எதிரே மயங்கி விழுந்தார். விஷயம் அக்கா கணவருக்குப் போனது. டாக்டர் ஆயிற்றே, ஓடிவந்து அறையைப் பார்த்தார், சமைத்ததற்கான அடையாளமே இல்லை. என்ன சாப்பிட்டாய் என்று துருவித் துருவிக் கேட்டபோது உண்மை வெளியே வந்தது. கையோடு வீட்டுக்குக் கூட்டிப்போய், இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சாப்பிடவைத்தார்கள். சில நாளில் உடம்பு தேறியது. அறைக்குத் திரும்பியதும் பழைய கதைதான்.

இந்த இடத்தில்தான் மோட்டிவேஷன் வீடியோவில் இசை உச்சத்துக்குப் போகும். பட்டினி கிடந்தால்தான் சாதிக்கலாம் என்பதுபோல! அவசரப்படாதீர்கள். அவரை மேஜையில் உட்காரவைத்தது பட்டினி அல்ல. பட்டினி அவரைத் தரையில்தான் தள்ளியது. அக்காவும் அக்கா கணவரும் அதே ஊரில் இருந்ததால் பிழைத்தார்.

லைலாக் பூத்த ஞாயிறு

1893 ஏப்ரல். அந்த வருஷம் பாரீஸில் வசந்தம் சீக்கிரமே வந்துவிட்டது. மாசத் தொடக்கத்திலேயே தெரு மரங்கள் துளிர்த்தன. செஸ்நட் மரங்கள் பூத்தன. கோடை மாதிரி வெயில் அடித்தது. குளிரில் உறைந்த அதே கூரை அறை இப்போது அடுப்பாகக் கொதிக்க ஆரம்பித்தது. பட்டப் பரீட்சைக்கு இன்னும் மூன்றே மாசம்.

அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மேரி புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஊருக்கு வெளியே போனார். போன இடம் லு ரேன்ஸி. பாரீஸுக்குக் கிழக்கே, நகரத்தை ஒட்டிய சின்ன ஊர். பெரிய கோட்டையோ கோபுரமோ பார்க்கவில்லை. லைலாக் பூக்கள், பூத்து நின்ற பழ மரங்கள், அவற்றில் ஆப்பிள் மரங்களும் உண்டு. காற்றெல்லாம் பூ வாசம். அவ்வளவுதான் அந்தப் பயணம்.

அதை அப்பாவுக்கு ஒரு கடிதத்தில் எழுதினார். கடிதத்தில் வெயில் இருக்கிறது, பூக்கள் இருக்கின்றன, பரீட்சையும் இருக்கிறது. நாள் நெருங்க நெருங்கப் பயமாக இருக்கிறது, தயாராகிவிடுவேனா என்று தெரியவில்லை, முடியாவிட்டால் நவம்பரில் எழுதவேண்டியதுதான், அப்படியானால் கோடை விடுமுறை வீணாகும் என்று தன் கவலையை மறைக்காமல் சொல்லிவிட்டார்.

மயங்கி விழுந்ததை வீட்டுக்குச் சொல்லாமல் மறைத்த பெண் அவர். வீடியோ காலில் கேமராவைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டு, சாப்பிட்டேம்மா என்று சொல்கிறோமே, அதே கதைதான். ஆனால், ஞாயிற்றுக்கிழமை ஊர் சுத்தியதை மறைக்கவில்லை. பரீட்சைப் பயத்தைச் சொன்ன அதே தாளில், ஆப்பிள் மரம் பூத்ததையும் சொன்னார். அது தப்பு என்று அவருக்குத் தோன்றவில்லை. மகள் வெயிலில் நடக்கிறாள் என்று தெரிந்தால் தூரத்தில் இருக்கும் அப்பாவுக்கு நிம்மதியாக இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

ஜூலை வந்தது. பரீட்சை அறையில் பதற்றத்தில் எழுத்தெல்லாம் கண்முன் ஆடியது. முடிவு வந்தபோது, இயற்பியலில் முதலிடம் மேரி ஸ்க்ளோடோவ்ஸ்கா. லு ரேன்ஸி போனதால் முதலிடம் வந்தது என்று சொன்னால் அது கப்ஸா. ஆனால், போனதால் முதலிடம் போய்விடவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

திருப்பிக் கொடுத்த ஸ்காலர்ஷிப்

பட்டம் வந்தது, பணம் தீர்ந்தது. கணக்கிலும் ஒரு பட்டம் வாங்கணும் என்ற ஆசை அப்படியே நின்றது. வார்சாவில் ஒரு தோழி அவருக்காக அலைந்து, வெளிநாட்டில் படிக்கும் போலந்து மாணவர்களுக்கான ஸ்காலர்ஷிப் வாங்கித் தந்தார். 600 ரூபிள். மேரியின் சிக்கனத்துக்கு அது 15 மாசம் வரும்.

1894-ல் கணக்கிலும் பட்டம் வாங்கினார், இரண்டாமிடம். பிறகு ஓர் ஆராய்ச்சி வேலையில் கொஞ்சம் பணம் வந்ததும் அவர் செய்த முதல் காரியம், அந்த 600 ரூபிளைத் திருப்பிக் கொடுத்தது. யாரும் கேட்கவில்லை. அந்த உதவித்தொகையைத் திருப்பித் தரணும் என்று விதியும் இல்லை. தன்னைப் போல் காத்திருக்கும் இன்னொரு பிள்ளைக்கு அந்தப் பணம் போகட்டும் என்பதுதான் அவர் எண்ணம். பணத்தை வாங்கிய அலுவலகத்தில் இருந்தவர்கள் திகைத்துப்போனார்கள்.

ஊர் சுத்தும் பிள்ளைக்குப் பொறுப்பு இருக்காது என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

மறுபடியும் ஒரு வசந்தம்

உருக்கு வகைகளின் காந்தத் தன்மையை ஆராயும் வேலை மேரிக்குக் கிடைத்திருந்தது. அதற்கு இடம் போதவில்லை. 1894 வசந்தத்தில், போலந்து இயற்பியலாளர் ஒருவர் தங்கியிருந்த இடத்தில் ஒரு பிரெஞ்சுக்காரரை அறிமுகப்படுத்தினார்கள். ஒருவேளை இவர் ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைக்கலாம் என்றுதான் அந்தச் சந்திப்பு. வந்தவர் பியர் க்யூரி. வயசு 35. பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் இருவரும் அறிவியலில் மூழ்கிவிட்டார்கள். அடுத்து அவர் கொடுத்த பரிசு என்ன தெரியுமா? பூங்கொத்து இல்லை, தான் எழுதிய ஆய்வுக் கட்டுரை!

பியருக்கும் நகரம் ஆகாது. காடு, குளம், வயல்வெளி என்று நடந்துகொண்டே யோசிக்கிற மனிதர். இரண்டு பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை பிடித்துப்போனது. ஆனால் கல்யாணம் என்றதும் மேரி தயங்கினார். படிப்பு முடிந்ததும் ஊருக்குத் திரும்பி, அப்பாவோடு இருந்து, அடிமைப்பட்ட தன் நாட்டுக்கு ஆசிரியையாக வேலை செய்யணும் என்பதுதானே திட்டம்? அங்கேயே தங்கிவிட்டால் அது துரோகம் இல்லையா? வெளிநாட்டில் படிக்கும் பலருக்கும் இன்றைக்கும் தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வி இது.

1894 கோடையில் திரும்பி வருவேனா என்று உறுதி சொல்லாமலே ஊருக்குப் போனார். பியர் கடிதம் மேல் கடிதம் போட்டார். தேவைப்பட்டால் தானே போலந்துக்கு வந்துவிடுவதாகக்கூடச் சொன்னார். அக்டோபரில் மேரி திரும்பினார். 1895 ஜூலை 26-ல் பாரீஸை ஒட்டிய ஸோ என்ற ஊரில் திருமணம். வெள்ளை கவுன் இல்லை. பிறகு ஆய்வுக்கூடத்துக்கும் போட்டுக்கொண்டு போகலாம் என்று அடர்நீல உடை. கல்யாணப் பரிசாக வந்த பணத்தில் இரண்டு சைக்கிள் வாங்கி, பாரீஸைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் காடுகளிலும் மிதித்துக்கொண்டே தேனிலவு!

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 1898-ல் பொலோனியம், ரேடியம். இரண்டில் முதலாவதற்குப் பெயர், வரைபடத்தில் இல்லாத தன் தாய்நாட்டின் பெயர். ஒழுகும் கொட்டகையில் வருஷக்கணக்காகக் கனிமத்தைக் கிளறிக் கிளறி, 1902-ல் கையில் வந்தது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் உப்பு. 1903-ல் நோபல். இத்தனைக்கும் நடுவில் சைக்கிள் பயணங்களை அவர்கள் விடவில்லை.

பூக்களைப் பார்க்க முடியாத வசந்தம்

1906 ஏப்ரல், ஈஸ்டர் விடுமுறை. பாரீஸுக்குத் தென்மேற்கே ஸான் ரெமி என்ற கிராமத்தில் குடும்பம் தங்கியிருந்தது. எட்டு வயசு ஐரீன் பட்டாம்பூச்சி துரத்தினாள். ஒன்றரை வயசுகூட நிரம்பாத ஈவ் புல்லில் தத்தித் தத்தி நடந்தாள். பியரும் மேரியும் வெயிலில் படுத்துக் கிடந்தார்கள். திங்கட்கிழமை மாலை ரயிலில், கையில் ஒரு கொத்துக் காட்டுப்பூவோடு, பியர் முதலில் பாரீஸ் திரும்பினார். இரண்டு நாள் கழித்து மேரியும் பிள்ளைகளும் வந்தார்கள். அடுத்த நாள், ஏப்ரல் 19, வியாழக்கிழமை. நல்ல மழை. தெருவைக் கடக்கும்போது பாரம் ஏற்றிய குதிரை வண்டியின் அடியில் சிக்கி பியர் இறந்துபோனார். மேரிக்கு வயசு 38.

அதற்குப் பிறகு அவர் ஒரு நாட்குறிப்பு எழுதினார். இறந்துபோன பியரோடு நேரில் பேசுவதுபோல் எழுதியது. அந்த வசந்தத்திலும் பாரீஸில் பூக்கள் பூத்தன. அவருக்கு அவற்றைப் பார்க்கவே பிடிக்கவில்லை. வெயில் வலித்தது. பியர் செத்த நாள்போல் வானம் இருண்டு கிடந்தால் தேவலை என்றிருந்தது. நல்ல வானிலையை மொத்தமாக வெறுத்துவிடாமல் தன்னைப் பிடித்து வைத்திருப்பது ஒன்றே ஒன்றுதான், பிள்ளைகளுக்கு அது தேவை என்று குறித்துவைத்தார்.

நல்ல வெயில் பிள்ளைகளுக்குத் தேவை. படிப்பைப் போல, பாலைப் போல, அதுவும் ஒரு தேவை. இதைச் சொன்னவர் உலகத்திலேயே அதிகமாக உழைத்த மனிதர்களில் ஒருவர், அதுவும் வாழ்க்கையின் மிக மோசமான மாசத்தில்.

சொன்னதோடு நிற்கவில்லை. பிள்ளைகளோடு ஸோ ஊரில் தோட்டம் உள்ள வீட்டுக்குக் குடிபோனார். அவர்களுக்கு உடற்பயிற்சி, நீச்சல், சைக்கிள், மலையேற்றம் எல்லாம் பழக்கினார். 1911-ல் இரண்டாவது நோபல். 1913 கோடையில், மகள்களைக் கூட்டிக்கொண்டு சுவிட்சர்லாந்து மலைகளில் நடந்தபோது கூட வந்த நண்பர் ஐன்ஸ்டீன்! அம்மாவோடு சேர்ந்து நடந்த ஐரீனும் 1935-ல் நோபல் வாங்கினார்.

கடைசி ஈஸ்டர்

1934 ஈஸ்டர். மேரிக்கு வயசு 66. வருஷக்கணக்கான கதிர்வீச்சில் உடம்பு தளர்ந்திருந்தது. வார்சாவிலிருந்து ஒருவர் வந்தார். வேறு யார், ப்ரோன்யா அக்காதான். முதலில் நீ போ, பிறகு நான் வருகிறேன் என்று இளம் வயசில் பேசிவைத்த அதே அக்கா. இருவரும் காரில் பிரான்ஸின் தெற்குக் கடற்கரை வரை ஊர் சுற்றக் கிளம்பினார்கள். அழகான இடங்களையெல்லாம் அக்காவுக்குக் காட்டணும் என்று மேரிக்கு ஆசை. வழியில் குளிர் பிடித்துக்கொண்டது. போய் இறங்கிய வீடு சில்லென்று கிடந்தது. அக்காவின் தோளில் சாய்ந்து குழந்தைபோல் அழுதார். அக்கா ஆறுதல் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அடுத்த நாள்களில் வெயில் வந்தது, மேரியும் கொஞ்சம் தெம்பானார்.

பாரீஸ் திரும்பி, ஸ்டேஷனில் அக்காவை வார்சா ரயிலில் ஏற்றிவிட்டார். அதுதான் இருவரும் ஒருவரையொருவர் கடைசியாகப் பார்த்தது. அந்த ஜூலை 4-ம் தேதி மேரி க்யூரி இறந்தார்.

இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், ஒரு சின்ன வேண்டுகோள். வெளியூரில் இருக்கிற உங்கள் ஃப்ரெண்டு பூ மரத்தடியில் நின்று போட்டோ போட்டால், ஊர் சுத்துறியா என்று கேட்காதீர்கள். சாப்பிட்டியா என்று மட்டும் தனியாக ஒரு மெசேஜ் போடுங்கள். போட்டோவில் தெரியாத விஷயம் அதுதான். அந்த ஃப்ரெண்டு நீங்களே என்றால், ஞாயிற்றுக்கிழமை வெயில் வந்ததும் கிளம்புங்கள். டிக்கெட் மலிவாக இருக்கும் ஊராகப் பாருங்கள், பையில் ரொட்டியும் பழமும் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் வீட்டுக்கு ஒரு போன் போட்டு, எந்த மரம் என்ன நிறத்தில் பூத்திருந்தது என்று சொல்லுங்கள். பரீட்சை பயமாக இருக்கிறது என்றால் அதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.